மூடுபனிக்குள் ஆறாம் நம்பர்

சீடருக்கு ஐம்பத்திரண்டு வயது. குருவுக்கு முப்பத்தாறு. சிரிக்க நினைப்பவர்கள் இப்போதே சிரித்துவிடலாம். ஓடைமேடு எஸ்டேட்டில் எல்லோரும் சிரித்து ஓய்ந்து இரண்டு வருடம் ஆகிறது.

குருவின் பெயர் லீதியா. எஸ்டேட் கால்பந்து அணியின் பயிற்சியாளர். டீச்சர் என்று கூப்பிட்டால் காதில் விழாதவர்போல நடந்துகொண்டே இருப்பார். மாஸ்டர் என்றால் நிற்பார். அதனால் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் மாஸ்டர்தான்.

சீடர் தவசியப்பன். தேயிலைத் தொழிற்சாலையில் இலை உலர்த்தும் இயந்திரத்தின் பக்கத்தில் முப்பது வருடமாக நிற்பவர். அந்த இரைச்சலுக்கு மேலே பேசிப் பேசி, அவர் சொல்லும் ரகசியம்கூட அடுத்த மலைக்குக் கேட்கும். ஊரில் அவருக்கு ரேடியோ என்று பெயர்.

அந்தப் பெயருக்கு இன்னொரு காரணமும் உண்டு. அதைச் சொல்லாமல் இந்தக் கதையில் ஒரு அடி நகர முடியாது.

ஓடைமேட்டு மைதானத்தின் ஒரு பக்கம் செங்குத்தான தேயிலைச் சரிவு. மறுபக்கம் கம்பிவேலி, அதற்கப்பால் பள்ளத்தாக்கு. ஆகவே ஜனங்கள் உட்கார இரண்டு கோல்களுக்கும் பின்னால் மண்ணில் வெட்டிய படிகள் மட்டும்தான். மைதானத்தின் நடுப்பகுதி லேசாகக் குழிந்திருக்கும். பிற்பகல் மூன்று மணிக்கு மேல் பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி ஏறிவந்து அந்தக் குழியில் படுத்துக்கொள்ளும். இரண்டு கோல்களும் பளிச்சென்று தெரியும். நடுவில் வெறும் வெள்ளை.

எஸ்டேட் போட்டிகளுக்கு அதற்கென்றே ஒரு சட்டம் வைத்திருந்தார்கள். இந்தப் பக்கத்துக் கோல் கம்பம் இந்தப் பக்கத்தவருக்கும், அந்தப் பக்கத்துக் கம்பம் அந்தப் பக்கத்தவருக்கும் தெரிந்தால் ஆட்டம் நடக்கும். ஆடுகிறவர்களுக்குப் பக்கத்து ஆள் தெரிந்தால் போதும், மற்றதைக் குரல் கொடுத்துச் சமாளித்துக்கொள்வார்கள்.

பார்க்கிறவர்களுக்கு அது போதாது. நடுவில் என்ன நடக்கிறது என்று தெரியாமல் மனிதன் எத்தனை நேரம் சும்மா உட்காருவான்? அதனால் நல்ல தொண்டை உள்ள ஒருவர் நடுக்கோட்டின் ஓரத்தில் நின்று, பந்து யாரிடம் இருக்கிறது, யார் விட்டது, யார் பறித்தது என்று இரண்டு பக்கமும் கேட்கக் கத்திச் சொல்வது வழக்கமாகிவிட்டது. பதினொரு வருடமாகத் தவசியப்பன்தான் அந்த ஆள். ரேடியோ சொன்னதுதான் ஆட்டம்.

போன ஞாயிற்றுக்கிழமை காலிறுதியில் ஓடைமேடு ஒன்றுக்குப் பூஜ்யம் என்று ஜெயித்தது. ஜெயித்தும் யாருக்கும் நிம்மதி இல்லை. திங்கட்கிழமை காலை டீக்கடையில் ரசிகர் மன்றம் கூடிவிட்டது.

லாரி ஓட்டும் பிச்சைமணி காலி டீ கிளாஸ்களை பெஞ்சின் மேல் அடுக்கி ஒரு அணியை நிறுத்தினார்.

"பின்னால நாலு. நடுவுல மூணு. முன்னால மூணு. அடிச்சா இப்படி அடிக்கணும்."

"நடுவுல மூணு பேரை வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போற? தாயம் ஆடவா?" என்றாள் அலங்காரம். நாலாம் நம்பர் காட்டில் இலை பறிக்கிறவள். முப்பது கிலோ இலையைத் தலையில் வைத்துக்கொண்டே சண்டை போடக்கூடியவள். "நாலு, நாலு, ரெண்டு. எங்கப்பா காலத்துலேருந்து அதான்."

"உங்கப்பா காலத்துல பந்தே சதுரமா இருந்திருக்கும்."

"எத்தனை பேரை வேணும்னாலும் நிறுத்து. அந்த ஆறாம் நம்பரை வச்சுக்கிட்டு ஒண்ணும் நடக்காது."

இந்த ஓர் இடத்தில் பிச்சைமணியும் அலங்காரமும் ஒத்துப்போனார்கள். கடையே ஒத்துப்போனது. ஆறாம் நம்பர் சுடலைமணி. நடுக்களத்தில் ஆடுகிறவன். போன ஞாயிறு மட்டும் ஒன்பது தடவை பந்தை விட்டிருந்தான். ஒன்பது என்று எப்படித் தெரியும்? ரேடியோ சொன்னார், எண்ணினார்கள்.

அப்போது லீதியா மாஸ்டர் கடைக்குள் வந்தார். பெஞ்சைப் பார்த்தார்.

"இதுல சுடலை எந்த கிளாஸு?"

பிச்சைமணி நடுவில் இருந்த ஒன்றைக் காட்டினார். அது ஒன்றுதான் காலி கிளாஸ் இல்லை. கிளாஸ் குறைந்துபோனதால் தன்னுடைய டீயையே நடுவில் நிறுத்தியிருந்தார். மாஸ்டர் அதை எடுத்து நின்றவாக்கிலேயே குடித்துவிட்டு, கிளாஸைத் திரும்ப அதே இடத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அதற்கு என்ன அர்த்தம் என்று மத்தியானம் வரைக்கும் பேசினார்கள். அவருக்குத் தாகமாக இருந்திருக்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

செவ்வாய்க்கிழமை மனு தயாராகிவிட்டது. சுடலைமணியை அரையிறுதியில் இறக்கக் கூடாது, மாஸ்டர் கேட்காவிட்டால் மேனேஜர் தலையிட வேண்டும் என்று எழுதி, நூற்று நாற்பது பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். மேனேஜர் சத்தத்துக்குப் பயப்படுகிற மனிதர். இத்தனை கையெழுத்தைப் பார்த்தால் அவனை அணியிலிருந்தே எடுத்துவிடுவார். அணியில் இருக்கும்வரைதான் சுடலைமணிக்கு எஸ்டேட்டில் மருந்தடிக்கும் வேலை. எடுத்துவிட்டால் அடுத்த வாரமே அவன் துணிப்பையோடு திருப்பூர் பஸ்ஸில் ஏற வேண்டியதுதான். இது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அரையிறுதி என்று ஒன்று இருக்கிறதே.

மனுவின் முதல் வரியைக் காலியாக விட்டிருந்தார்கள். அது ரேடியோவுக்கு.

"உங்க கையெழுத்துதாண்ணே வெயிட்டு," என்றார் பிச்சைமணி. "நீங்கதான் கண்ணால பாத்தவரு."

தவசியப்பன் பேனாவைக் கையில் வாங்கினார். பிறகு, "மாஸ்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடுறேன்," என்றார். என்ன இருந்தாலும் சீடர் அல்லவா.

சீடரானது எப்படி என்றால், இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒருநாள் அவர் தாமாகவே பந்து மூட்டையைத் தூக்கிக்கொண்டு மாஸ்டரின் பின்னால் நடந்தார். மாஸ்டர் வேண்டாம் என்று சொல்லவில்லை. அன்றிலிருந்து பந்துக்குக் காற்றடிப்பது, வலை கட்டுவது, சுண்ணாம்புக் கோடு போடுவது எல்லாம் அவர்தான். பதிலுக்கு அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி. அதையே இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"மாஸ்டர், நமக்கு நடுவுல ரெண்டு பேர் சரியா, மூணு பேர் சரியா?"

"அந்த வலையை இழுத்துப் பிடிங்கண்ணே," என்பார் மாஸ்டர்.

தவசியப்பன் வலையைப் பற்றி மூன்று நாள் யோசிப்பார்.

அன்று மாலை மாஸ்டர் பயிற்சிக்குப் போடும் மேல்சட்டைகளைப் பிழிந்து வேலியில் காயப்போட்டுக்கொண்டிருந்தார். தவசியப்பன் நின்றார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார்.

"என்னண்ணே, கால்ல எறும்பு ஏறிடுச்சா?"

"மனு வந்திருக்கு, மாஸ்டர்."

"தெரியும்."

"சுடலையை எடுத்துடுங்க. நடுவுல ஓட்டை விழுது. அவனை எடுத்துட்டு மூணு பேரைப் போட்டா நாம அடிச்சுடலாம். இதுல நான் கையெழுத்துப் போடட்டுமா, வேணாமா? நீங்க சொல்றபடி செய்யுறேன்."

மாஸ்டர் கடைசிச் சட்டையையும் உதறிப் போட்டார்.

"நாளைக்கு நாலரைக்கு வாங்க. நம்ம பசங்களே ரெண்டா பிரிஞ்சு ஆடப் போறாங்க. வந்து சொல்லுங்க."

"என்ன சொல்ல?"

"ஞாயித்துக்கிழமை சொல்றதைத்தான்."

புதன்கிழமை மூடுபனி சீக்கிரமே ஏறிவிட்டது. நாலரைக்குத் தவசியப்பன் போனபோது நடுமைதானத்தில் ஆட்கள் நிழல் நிழலாக அசைந்துகொண்டிருந்தார்கள். மாஸ்டர் அவரை நடுக்கோட்டின் ஓரத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்.

"கூட்டமே இல்லையே, மாஸ்டர்."

"நான் கேக்குறேன். பின்னால மட்டும் திரும்பாதீங்க."

விசில் ஒலித்தது. தவசியப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். முதல் இரண்டு நிமிடம் கூச்சமாக இருந்தது. பிறகு குரல் தன் வழிக்கு வந்துவிட்டது.

"பந்து வலது பக்கம் போகுது. ஜெபராஜ் வச்சிருக்கான். நடுவுக்குத் தள்ளுறான். சுடலை வாங்குறான். விட்டுட்டான். பறிச்சுட்டாங்க."

பந்தை உதைக்கும் சத்தம் கேட்டது. யாரோ கூப்பிட்டார்கள். ஒரு நிழல் விழுந்து எழுந்தது.

"திரும்பப் பந்து நடுவுல. சுடலைகிட்ட. திரும்பத் தெரியல இவனுக்கு. போச்சு. அங்க ஆள் இருக்கே, அவனுக்குக் குடுத்திருக்கலாம். இல்ல, தொலைச்சுட்டான்."

கால் மணி நேரம் போனது. சரிவில் பட்டு அவருடைய குரலே அவருக்குத் திரும்பி வந்தது. சுடலைமணி ஆறாவது தடவை பந்தை விட்டபோது மாஸ்டர் சொன்னார்:

"போதும்ணே. இப்பத் திரும்புங்க."

தவசியப்பன் திரும்பினார்.

நாலடி தூரத்தில், சுண்ணாம்பு மூட்டையின் மேல் சுடலைமணி உட்கார்ந்திருந்தான். கைகளை முழங்கால்களுக்கு நடுவில் வைத்திருந்தான். காலில் பூட்ஸ்கூட இல்லை. ரப்பர் செருப்பு.

"எப்ப வெளிய வந்தே?" என்றார் தவசியப்பன். கேட்கும்போதே பதில் தெரிந்துவிட்டது.

"நான் உள்ளயே போகலண்ணே."

மைதானத்தில் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. யாரோ யாரிடமோ பந்தைக் கேட்டார்கள். தவசியப்பனுக்கு எங்காவது ஓடிவிட வேண்டும்போல இருந்தது. ஐம்பத்திரண்டு வருடத்தில் அவர் இவ்வளவு வெட்கப்பட்டதில்லை.

சுடலைமணிக்குக் கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவனுக்குக் கோபம் இல்லை. எதையோ நெடுநாளாகக் கேட்க நினைத்தவன்போலத்தான் பேசினான்.

"எங்கம்மா அந்த மேலக் கோலுக்குப் பின்னாலதான் உக்காரும். உங்க குரலை வச்சுத்தான் அது மேட்ச் பாக்கும். வீட்டுக்கு வந்து, ஏன்டா இத்தனை தடவை விடுறேன்னு கேக்கும். நான் அவ்வளவு விடலம்மான்னு சொன்னேன். ரேடியோ சொல்லுதேன்னுச்சு." செருப்பைக் கழற்றினான். "போன ரெண்டு மேட்சுக்கு அது வரலண்ணே."

அவன் எழுந்து, பூட்ஸ் மாட்டிக்கொள்ளப் போனான்.

தவசியப்பன் கேட்டார்: "மாஸ்டர், நீங்களாவது பாத்தீங்களா? போன ஞாயிறு அவன் நிஜமா எத்தனை விட்டான்?"

"நானும் உங்க பக்கத்துலதானே நின்னேன். எனக்கும் வெள்ளையாத்தான் தெரிஞ்சுது."

"அப்ப எதை வச்சு டீம் போடுறீங்க?"

"காலையில மிஸ்ட்டு இல்லாதப்ப பாக்குறேன். மிச்சத்தை உள்ள இருந்தவங்ககிட்ட கேக்குறேன்."

"கேட்டா சொல்லிடுவாங்களா?"

"நீங்க கேட்டுப் பாத்திருக்கீங்களாண்ணே?"

 தவசியப்பன் பந்து மூட்டையைத் தூக்கிக்கொண்டார். அன்று அது வழக்கத்தைவிடக் கனத்தது.

அடுத்த மூன்று நாள் அவர் ஒரு இடத்தில் நிற்கவில்லை. தொழிற்சாலையில் இயந்திரத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தார். வீட்டில் சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்து எழுந்து போனார். மனைவி, "உங்க டீம்தானே ஜெயிச்சுது?" என்று கேட்டாள். ஆமாம் என்றார்.

யோசித்து யோசித்து ஒரு இடத்துக்கு வந்தார். மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு மேட்சில் சுடலைமணி நிஜமாகவே பந்தை விட்டான். வெள்ளைக்கு இந்தப் பக்கம், ஏழெட்டு அடி தூரத்தில், அவர் கண்ணெதிரே. சொன்னார். கூட்டம் ஓவென்று கத்தியது. அடுத்த தடவை உள்ளே யாரோ விட்டார்கள். யார் என்று தெரியவில்லை. யாரோ விட்டுட்டாங்க என்றார். ஒரு சத்தமும் இல்லை. அதற்கடுத்த தடவை சுடலை என்றார். மறுபடி ஓவென்று கத்தினார்கள். அவ்வளவுதான். பொய் சொல்ல வேண்டும் என்று அவர் ஒருபோதும் நினைக்கவில்லை. இருநூறு பேர் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது சும்மா இருக்க முடியவில்லை, அந்தப் பெயர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது, எடுத்துக்கொண்டார்.

சனிக்கிழமை பிச்சைமணி மனுவோடு வந்தார்.

"மாஸ்டர் என்ன சொன்னாங்க?"

"நாளைக்கு மேட்ச் முடியட்டும், பாப்போம்."

"மேட்ச் முடிஞ்சப்புறம் மனு எதுக்குண்ணே?"

தவசியப்பன் வேறு எதையோ பார்த்துக்கொண்டு நின்றார். சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவருக்குத் தைரியம் வரவில்லை. பிச்சைமணி முகத்தைத் தூக்கிக்கொண்டு போனார்.

ஞாயிற்றுக்கிழமை மேல்பாறை எஸ்டேட்டோடு அரையிறுதி. சுடலைமணி ஆறாம் நம்பர் சட்டையோடு இறங்கினான். மேலக் கோலுக்குப் பின்னாலிருந்து ஒரு ஊளை எழுந்தது. பிச்சைமணி மனுவைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, தோற்றவுடன் நீட்டத் தயாராக உட்கார்ந்திருந்தார்.

பத்தாவது நிமிடத்தில் ஜெபராஜ் ஒரு கோல் போட்டான். நல்ல வெளிச்சம், எல்லோரும் பார்த்தார்கள். டீ கிளாஸ் அடுக்கியவர்கள் அத்தனை பேரும் அது தங்கள் யோசனை என்று சொல்லிக்கொண்டார்கள். இருபதாவது நிமிடத்தில் வெள்ளை ஏறி வந்து நடுவில் படுத்தது.

"ரேடியோ!" என்றது கூட்டம்.

தவசியப்பன் தம் இடத்தில் நின்றார். மாஸ்டர் இரண்டடி தள்ளி நின்றார்.

"பந்து கோட்டுக்குப் பக்கத்துல," என்று கத்தினார் தவசியப்பன். "ஜெபராஜ் வச்சிருக்கான். உள்ள அடிக்கிறான்." பந்து வெள்ளைக்குள் போனது. "இப்பத் தெரியல."

கூட்டம் சிரித்தது. தொண்டை கட்டிவிட்டது என்று நினைத்தார்கள்.

"யாரோ கூப்பிடுறாங்க. யாருன்னு தெரியல."

சிரிப்பு நின்றது. "என்ன ரேடியோ, ஸ்டேஷன் கிடைக்கலியா?" என்று யாரோ கத்தினார்கள். அவர் கோட்டோரம் இந்தப் பக்கம் பத்தடி ஓடிப் பார்த்தார், அந்தப் பக்கம் பத்தடி ஓடிப் பார்த்தார். எங்கே போய் நின்றாலும் வெள்ளைதான். கூட்டத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. படியில் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து எட்டிப்பார்த்தார்கள். பார்க்க ஒன்றும் இல்லை.

அரைநேரத்துக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது வெள்ளைக்குள்ளிருந்து மேல்பாறை ஆள் ஒருவன் தனியாகப் பந்தோடு வெளியே வந்தான். நம் கோல்கீப்பர் மட்டும்தான் முன்னால் இருந்தான். பந்து வலையில் விழுந்தது. ஒன்றுக்கு ஒன்று.

 பிறகு பிச்சைமணியின் குரல் வந்தது.

"நடுவுல யாரு விட்டது?"

இருநூறு முகங்கள் தவசியப்பனைப் பார்த்தன. அந்தப் பெயர் அவர் நாக்கு நுனியில் வந்து நின்றது. அவர் சொல்லவே வேண்டாம். வாயைத் திறந்தால் அதுவே போய்விடும். கூட்டமும் அதைத்தான் எதிர்பார்த்தது. பாதிப் பேர் ஓவென்று கத்த மூச்சை இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

"தெரியல," என்றார் தவசியப்பன். "நான் பாக்கல."

"சும்மா சொல்லுங்கண்ணே. சுடலைதானே?"

"நான் பாக்கல!" முப்பது வருடம் இயந்திரத்தோடு போட்டி போட்ட குரல் சரிவில் மோதித் திரும்பியது. "போன ஞாயிறும் பாக்கல. அதுக்கு முந்தியும் பாக்கல. ஒன்பது தடவை விட்டான்னு சொன்னேன்ல, அதுல ஒண்ணுகூட நான் பாக்கல."

அரைநேர விசில் ஒலித்தபோது ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். சிலர் அவரை ஏசினார்கள். யாரோ ஒரு பழைய செருப்பை வீசினார்கள். அது பாதி தூரம்கூட வரவில்லை. கொஞ்ச நேரத்தில் பிச்சைமணியும் அலங்காரமும் கோட்டோரமாக நடந்து அவரிடமே வந்துவிட்டார்கள்.

"அப்ப இத்தனை நாளா என்னத்தைப் பாத்துக் கத்துன?" என்றாள் அலங்காரம்.

"எனக்குத் தெரிஞ்சது ஏழெட்டு அடி. மிச்சத்தை நானாப் போட்டுக்கிட்டேன்."

"நாங்க அதை வச்சு மனு எழுதியிருக்கோம்."

"ஆமா."

சுடலைமணி தண்ணீர் குடிக்க அந்தப் பக்கம் வந்தான். முழங்காலில் சேறு. மூன்று பேரையும் பார்த்தான். பாட்டிலை மூடினான்.

"அந்த கோலு என்னாலதான்," என்றான். "பின்னால இருந்து வந்தவனை நான் பாக்கல. என் காலுலேருந்துதான் எடுத்தான்."

பிச்சைமணி துள்ளிவிட்டார். "பாத்தீங்களா? பாத்தீங்களா? நான் என்ன சொன்னேன்?"

 தவசியப்பன் அந்தப் பெயரைச் சொல்லியிருந்தால் சரியாகவே இருந்திருக்கும்.

அலங்காரம் சுடலைமணியை மேலும் கீழும் பார்த்தாள்.

"போன ஞாயிறு எத்தனை விட்டே?"

"ரெண்டு, அக்கா."

"ஒன்பது இல்ல?"

"ரெண்டுதான். ஒண்ணு ரொம்ப மோசம்."

"கொண்டா அந்தக் காகிதத்தை," என்று பிச்சைமணியின் பையிலிருந்து மனுவை அவளே உருவினாள்.

"என்னக்கா பண்ற? அவனே ஒத்துக்கிட்டான்ல?"

"ஒத்துக்கிட்டதாலதான்." தன் கையெழுத்தைத் தேடிக் கண்டுபிடித்து, பேனாவை வாங்கிக் குறுக்கே இரண்டு கோடு போட்டாள். "உள்ள நிக்கிறவன் சொன்னா நான் நம்புவேன். நீ வேணும்னா வச்சுக்க."

பிச்சைமணி காகிதத்தைப் பிடுங்கிக்கொண்டார். அவர் மனம் மாறவில்லை. ஆனால் படிக்குத் திரும்புவதற்குள் இன்னும் பத்துப் பதினைந்து பேர் அவரைச் சூழ்ந்துகொண்டு பேனா கேட்டார்கள். வேறு பத்துப் பேர் கொடுக்காதே என்றார்கள். கையெழுத்தில் அடித்தது எத்தனை, அடிக்காதது எத்தனை என்று அவருக்கே புரியாமல் போயிற்று. இதற்கு நடுவில், ரேடியோவை மாற்ற வேண்டும் என்று இன்னொரு மனுவுக்கு யாரோ யோசனை சொன்னார்கள்.

இரண்டாம் பாதிக்கு ஆட்டக்காரர்கள் இறங்கினார்கள். சுடலைமணியும் இறங்கினான். ஒவ்வொருவராக வெள்ளைக்குள் போய் மறைந்தார்கள். மூடுபனி இப்போது தவசியப்பனின் செருப்பு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஏழெட்டு அடி என்பது மூன்றடி ஆகிவிட்டது.

விசில் கேட்டது. பந்தை உதைக்கும் சத்தம் கேட்டது. அந்தப் பக்கமிருந்தும் இந்தப் பக்கமிருந்தும் கூட்டம் கத்தியது.

"என்ன நடக்குது?"

"தெரியல," என்று கத்தினார் தவசியப்பன்.

ஊளையிட்டார்கள். கொஞ்சம் பொறுத்து மறுபடி கேட்டார்கள். மறுபடியும் அதையே கத்தினார். மூன்றாவது தடவை கத்திவிட்டு அவர் மாஸ்டர் பக்கம் திரும்பினார். கண் கலங்கியிருந்தது.

"நான் வீட்டுக்குப் போறேன், மாஸ்டர்."

"ஏன்?"

"தெரியலன்னு சொல்றதுக்கு எதுக்கு ஒரு ஆளு?"

மாஸ்டர் வெள்ளைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நில்லுங்கண்ணே. அந்த ஒரு ஆள் இல்லாமத்தான் நாம இத்தனை நாளும் ஆடினோம்."